சிங்கப்பூர் வீட்டுக்கு வந்த நோபிள் ஃபிர்: கிறிஸ்துமஸ் மரச் சேவை ஒரு மதிப்பீடு

சிராங்கூன் சாலையின் தீபாவளி வளைவுகள் இறங்குகிற நேரத்தில் ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏறிவிடுகின்றன. 1984-இல் தொடங்கிய அந்த வழக்கத்தைச் சிங்கப்பூரில் அறியாதவர் இல்லை. அதே வாரங்களில் இங்குள்ள செடி விற்பனை நிலையங்களில் வேறொரு வியாபாரம் சத்தமில்லாமல் சூடு பிடிக்கிறது. அமெரிக்காவிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வெட்டிக் கொண்டுவரப்பட்ட அசல் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களை முன்பதிவின்பேரில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து, நிறுத்தி, தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுப் போகும் சேவை அது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 140 கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத தீவில், பனி விழும் மலைச்சரிவில் வளர்ந்த மரத்தை மூன்று வாரம் பச்சையாக வைத்திருக்க முடியுமா, முடிந்தாலும் அதற்கு அந்த விலை தகுமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இச்சேவையை நடத்துவோர் பலர், நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் நாங்கள் வாங்கிய நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இதை வாங்குவோரில் கணிசமானவர்கள் என்னைப் போல வேலை நிமித்தம் இங்கே வந்து தங்கியிருப்பவர்கள். பண்டிகைக்கு அரசு விடுமுறை 25-ஆம் தேதி ஒரு நாள்தான். மறுநாள் வழக்கம்போல் அலுவலகம். பள்ளிக்கூடங்களுக்கு நவம்பர் நடுவிலிருந்தே நீண்ட விடுமுறை என்பதால் மதுரைக்கும் திருச்சிக்கும் விமானக் கட்டணம் டிசம்பரில் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பாளையங்கோட்டைக்காரர்களான எங்களுக்கு ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். வாளியில் மணல் நிரப்பி ஊன்றி, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவிவிடுவோம். ஆகவே ஃபிர் மரத்தின்மேல் எங்களுக்குப் பழைய ஏக்கம் எதுவும் கிடையாது. பிறந்த ஊரில் ஃபிர் மரத்தோடு வளர்ந்த அண்டை வீட்டாரும் ஃபிர் மரத்தையே பார்த்திராத நாங்களும் ஒரே வரிசையில் நின்று அதை வாங்குகிறோம் என்பதுதான் இந்தச் சேவையின் வேடிக்கை.

பதிவு செய்யும்போது மூன்று வகை கேட்கக் கிடைக்கும். ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலிருந்து வருவது நோபிள் ஃபிர். வட கரோலினாவின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து வருவது ஃபிரேசர் ஃபிர். டென்மார்க் பண்ணைகளிலிருந்து வருவது நார்ட்மன் ஃபிர். நோபிளின் இலைகள் நீலம் கலந்த பச்சை. கிளையின் அடிப்பக்கம் வெறுமையாக இருக்க, பல் துலக்கும் தூரிகைபோல எல்லாம் மேல்நோக்கி வளைந்து நிற்கும். கிளைகள் விறைப்பானவை என்பதால் கண்ணாடிக் குண்டுகளையும் மரப்பொம்மைகளையும் தொங்கவிட்டால் தாழாது. ஃபிரேசரின் இலை மேலே கரும்பச்சை, கீழே வெள்ளிக் கோடு. மரம் ஒல்லியாக இருப்பதால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தின் மூலைக்குப் பொருந்தும். நார்ட்மனின் இலை குத்தாது. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். மூன்றுமே வெட்டிய பின்னும் இலையை எளிதில் உதிர்க்காத இனங்கள். இத்தனை தூரம் கொண்டுவருவதற்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் அதுதான்.

விலை உயரத்தைப் பொறுத்தது. ஆறடி மரம் ஒன்றுக்கு, கொண்டுவந்து தரும் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்த்தால் இருநூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஒதுக்கிக்கொள்வது நல்லது. ஸ்டாண்டுக்குத் தனிக் காசு. திரும்ப எடுத்துச் செல்வதற்கும் பெரும்பாலும் தனிக் காசு. வாங்குவதற்கு முன் வீட்டுக் கூரையை அளந்துகொள்ளுங்கள். புதிய வீவக வீடுகளில் தரையிலிருந்து கூரை ஏறக்குறைய 2.6 மீட்டர். ஸ்டாண்டு ஒரு கை உயரம் எடுத்துக்கொள்ளும், உச்சியில் நட்சத்திரம் வேண்டும் என்றால் ஏழடி மரத்துக்கு மேல் போகவே கூடாது. இன்னொன்றையும் கவனித்தேன். விற்பனை நிலையம் சொல்லும் உயரம் அடித்தண்டிலிருந்து நுனித்தண்டின் முனைவரை. அந்த நுனித்தண்டு கிளையே இல்லாத வெறும் குச்சியாக ஓரடிக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஆறடிக்குக் காசு கொடுத்து, கிளையுள்ள மரமாக ஐந்தடியை வாங்குகிறோம் என்பது தெரிந்தே வாங்க வேண்டும்.

ஆறேழு அடி உயரத்துக்கு வர இந்த மரங்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் தேவைப்படுகின்றன. நவம்பரில் வெட்டி, கிளைகளை மேல்நோக்கி மடக்கி வலைக்குள் இழுத்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் உள்ள கொள்கலனில் அடுக்கி, கப்பலேற்றி அனுப்புகிறார்கள். கொள்கலனைத் திறந்த பிறகு எவ்வளவு விரைவில் நம் வீட்டுத் தண்ணீருக்குள் அடித்தண்டு இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விற்பனை நிலையத்தின் கூடாரத்தில் முப்பது டிகிரி வெப்பத்தில் வலையோடு சாய்ந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் மரத்தின் ஆயுளில் கழிகிறது. ஆகவே கூடாரத்துக்கு நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இன்பத்தைக் காட்டிலும், கப்பல் வரும் தேதியைக் கேட்டு, குளிர்கிடங்கிலிருந்து நேரே அனுப்பச் சொல்வதே அறிவுடைமை. நல்ல நிலையங்கள் இதற்கு ஒப்புக்கொள்கின்றன. மரத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்குவதால், ஒரு பக்கம் கிளை குறைந்து தட்டையாக இருக்கும் மரம் வந்து சேரலாம். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தோம், அவ்வளவுதான்.

கொண்டுவந்து தரும் ஏற்பாட்டில்தான் முதல் குறை. மாலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் என்று உறுதி சொல்லியிருந்தார்கள். டிசம்பர் மழை, போக்குவரத்து நெரிசல் எல்லாம் சேர்ந்து வண்டி வந்தபோது பத்தரை மணி. தாமதத்தை முன்கூட்டியே சொல்ல ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். பணம் கட்டுவதற்கு மட்டும் மூன்று குறுஞ்செய்தி அனுப்பிய நிலையத்துக்கு அது பெரிய காரியமாக இருந்திருக்காது. ஆனால் வந்த இருவரின் வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஜோகூர்ப் பக்கத்துத் தமிழர் ஒருவர் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, மரத்தைப் படுக்க வைத்து, கைவாளால் அடித்தண்டில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு வட்டத்தை அறுத்தெடுத்தார். வெட்டுவாயில் பிசின் பளபளத்தது. "இத அறுக்காம வெச்சா தண்ணி ஏறாதுண்ணே, பிசின் அடச்சிக்கும். நாளைக்கு வெக்கலாம்னு விட்டுட்டீங்கன்னா மறுபடியும் அறுக்கணும்," என்றார். அவர் சொன்னது சரியே. புதிதாக அறுத்த வாயைச் சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் வைக்காவிட்டால் அது மூடிக்கொள்ளும். சர்க்கரை, ஆஸ்பிரின் என்று பலர் பலவற்றைக் கலக்கச் சொல்வார்கள். குழாய்த் தண்ணீரே போதும். வலையை வெட்டி எடுத்த பிறகு மரம் உடனே விரிந்துவிடாது. அன்றிரவு குடை மடக்கியது மாதிரிதான் நின்றது. மறுநாள் மாலைக்குள் கிளைகள் தாமாக இறங்கி உருவம் கொண்டன. ஆகவே வந்த அன்றே அலங்கரிக்கக் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுக்கும் காசில் பாதி அதற்குத்தான். அடைத்து வைத்த கூடத்தில் முதல் வாரம் முழுக்க ஆரஞ்சுத் தோலும் கற்பூரமும் கலந்தாற்போன்ற ஒரு வாடை நிற்கிறது. நோபிளைவிட ஃபிரேசருக்கு அது சற்றுக் கூர்மை என்பது என் மூக்கின் தீர்ப்பு. எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஜெர்மானியப் பெண்மணி, எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் வாங்கிக்கொள்ள வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டார். பிறகு நேரே மரத்திடம் போய் ஓர் இலையைக் கிள்ளி, விரல்களுக்கிடையில் நசுக்கி, முகர்ந்துவிட்டுத் தம் மகனைக் கூப்பிட்டு அவன் மூக்கருகில் நீட்டினார். சிங்கப்பூரிலேயே பிறந்த அந்தப் பையன் "கிளீனிங் லிக்விட் வாசனை" என்று சொல்ல, நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது. தரை துடைக்கும் திரவத்துக்குப் பைன் மணம் ஊட்டி விற்பது உலக வழக்கம். மரத்தை அறியும் முன்பே திரவத்தை அறிந்துகொள்ளும் தலைமுறை இது. அந்த டிசம்பர் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்து நண்பர்கள் பாடல் பவனியாக வந்தார்கள். சிம்பாங் காபி என்னும் ஒன்பது நாள் விடியல் பூசைக்குப் போகும் பிலிப்பினோ சக ஊழியர்கள் காகித விளக்கு ஒன்றோடு வந்தார்கள். ஊருக்குப் போக முடியாதவர்கள் கூடுவதற்கு ஒரு சாக்கு வேண்டும். பிளாஸ்டிக் மரம் அந்தச் சாக்காக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை மட்டும் இந்தச் சேவையின் வரவுக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

இனி, எந்த விற்பனை நிலையமும் சரிவரச் சொல்லித்தராத விஷயத்துக்கு வருகிறேன். ஃபிர் மரத்தின் ஸ்டாண்டில் தண்ணீர் வற்றவே கூடாது. அடித்தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரை மரம் நாள்தோறும் குடிக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆறடி மரம் முதல் சில நாள்களில் தினமும் மூன்று நான்கு லிட்டரை உறிஞ்சிவிடுகிறது. இன்னொரு பக்கம், இந்தத் தீவில் வீட்டுக்குள் தண்ணீர் தேங்கவே கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறக்கும் கொசுவாக வெளிவர ஏழு நாள் போதும். பூந்தொட்டித் தட்டில் புழு நெளிவதைத் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. பூச்சாடித் தண்ணீரை மாற்றும் நாம், பச்சைத் துணி சுற்றி மறைத்த மர ஸ்டாண்டை மறந்துவிடுகிறோம். வளைந்த பிளாஸ்டிக் சுவர், இருட்டு, அசையாத தண்ணீர் என்று அந்தக் கொசுவுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது.

முதல் பத்து நாள் இதில் சிக்கல் இல்லை. மரம் குடித்துத் தீர்ப்பதும் நாம் ஊற்றுவதுமாகத் தண்ணீர் தானே புதிதாகிக்கொண்டிருக்கும். பிரச்சினை அதற்குப் பிறகு. மூன்றாவது வாரத்தில் மரம் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஊற்றிய தண்ணீர் அப்படியே கிடக்கிறது, மேலே இலைத்துணுக்கு மிதக்கிறது, லேசாக வழுவழுப்பும் சேர்கிறது. அந்தக் கட்டத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பழைய தண்ணீரை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். மரத்தைச் சாய்த்துக் கொட்ட முடியாது. மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் ரப்பர்க் குழாயால் வாளிக்குள் இழுத்துவிடுவதே எளிய வழி. ஸ்டாண்டின் வாயைத் தண்டைச் சுற்றி மெல்லிய கொசுவலைத் துணியால் கட்டிவிட்டால் இன்னும் நிம்மதி. இவ்வளவு விலைக்கு விற்பவர்கள் அந்தத் துணியையும் குழாயையும் ஸ்டாண்டோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன? பனி நாட்டுக்காக வார்த்த ஸ்டாண்டை அப்படியே இறக்குமதி செய்து நம் தலையில் கட்டுகிறார்கள். அந்த ஸ்டாண்டின் கொள்ளளவும் போதாது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு லிட்டருக்குமேல் கொள்ளாதது. காலையில் நிரப்பினால் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் அடி தெரிந்துவிடும். வாங்கும்போதே நான்கு லிட்டராவது பிடிக்கிற ஸ்டாண்டைக் கேட்டு வாங்குங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை.

குளிர்சாதனத்தை நாளெல்லாம் ஓடவிட வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை. சிங்கப்பூரில் ஆண்டிலேயே மழை அதிகம் பெய்யும் மாதங்களில் டிசம்பர் ஒன்று. சராசரி 300 மில்லிமீட்டருக்கு மேல். இரவில் வெப்பம் 24 டிகிரிவரை இறங்குகிறது, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. குளிர்சாதனமோ அந்த ஈரத்தை இழுத்துவிடுகிறது. அதன் காற்று நேரே படும் கிளைகள்தான் எங்கள் மரத்தில் முதலில் காய்ந்தன. கூரை விசிறியும் அப்படியே. மழை நாள்களில் சன்னலைத் திறந்துவைத்து, வெயிலடிக்கும் நடுப்பகலில் மட்டும் திரையை இழுத்துவிட்டு, மாலையில் சில மணி நேரம் குளிர்சாதனத்தை மிதமாக ஓட்டியதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. விளக்குச்சரத்தைப் பொறுத்தவரை எல்இடி தவிர வேறு எதுவும் வேண்டாம். பழைய குமிழ் விளக்கின் சூடு இலையைக் காயவைக்கும். பெட்டியில் பாதுகாப்புக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாற்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிக்க முடியாது. முஸ்தஃபா பேரங்காடியில் பிளாஸ்டிக் மரம் மலிவாகக் கிடைக்கிறது, பல ஆண்டு உழைக்கும். சுற்றுச்சூழல் கணக்கைப் பேசுவோர் பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் நிறுவனத்தின் எண்களை எடுத்துக்காட்டுவார்கள்: இரண்டு மீட்டர் உயரப் பிளாஸ்டிக் மரத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமிலவாயு, எரித்தோ சீவியோ அகற்றப்படும் அசல் மரத்துக்கு 3.5 கிலோ. ஆனால் அது பக்கத்துப் பண்ணையில் மரம் வாங்கும் பிரிட்டனுக்கான கணக்கு. குளிர்கொள்கலனில் பசிபிக்கைக் கடந்த மரத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்து மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்வது நேர்மையாகாது. மூன்றாவது வழி தொட்டியில் வளரும் அரக்கேரியா. நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கப்படும் நார்ஃபோக் தீவு மரமும் அதன் உறவான குக் பைனும் இங்கே எளிதாக வளர்கின்றன. (குக் பைன் மரங்கள் உலகெங்கும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து வளர்கின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது, நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு கூடுமாம். சிங்கப்பூரில் நேராக நிற்கும் என்று நம்பலாம்.) அதில் மணம் கிடையாது, கனமான பொம்மைகளைக் கிளை தாங்காது. ஆனால் ஜனவரியில் அது குப்பையாவதில்லை. பால்கனி உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான், இந்தச் சேவையை எவ்வளவு பாராட்டினாலும்.

ஏனென்றால் சேவையின் பெரிய குறை மரத்தை அகற்றுவதில் இருக்கிறது. ஊரிலும் இங்கும் எங்கள் குடும்பத்தில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்தே அலங்காரத்தைக் கழற்றுவோம். எங்களுக்கு விற்ற நிலையமோ புத்தாண்டு கழிந்த இரண்டு மூன்று நாளில், அதுவும் வேலை நாளின் பகல் நேரத்தில் மட்டும், எடுத்துச் செல்லும் வண்டியை அனுப்புகிறது. பதிவு செய்யும்போது இதைச் சொல்லவில்லை. பணம் கட்டிய பிறகு வந்த விதிமுறைத் தாளில் சிறு எழுத்தில் இருந்தது. வண்டியைத் தவறவிட்டால் மரத்தைப் பொது நடைபாதையில் சாத்தி வைக்கவும் முடியாது. தீப்பாதுகாப்புக்காக அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், காய்ந்த ஃபிர் மரமோ தீக்குச்சிக்குக் காத்திருப்பது. வீவக பேட்டைகளில் இருப்பவர்கள் நகர மன்றத்தைக் கூப்பிட்டு, பெரிய பொருள்களை அகற்றும் ஏற்பாட்டில் மரத்தையும் எடுப்பார்களா என்று டிசம்பரிலேயே கேட்டுவைப்பது நல்லது. கிளைகளைக் கழித்துப் பைகளில் கட்டிக் கொடுத்தால் வேலை எளிது. கையுறை அவசியம், பிசின் இரண்டு நாளைக்குப் போகாது. பொதுக் குப்பையோடு போகும் மரம் இங்கே எரிஉலைக்குப் போய், சாம்பல் செமாகாவ் தீவின் நிரப்புநிலத்தில் சேர்கிறது. தோட்டக் கழிவாகத் தனியே எடுத்துச் செல்லும் நிலையங்கள் அதை மரச்சீவலாக்குகின்றன. எது நடக்கும் என்பதை வாங்கும்போதே கேட்டால் நேராகப் பதில் சொல்லும் நிலையத்துக்கே என் காசைக் கொடுப்பேன்.

அடுத்த முறை நான் பதிவு செய்யப்போவது ஐந்தடி ஃபிரேசர். நவம்பர் கடைசியில் வரும் முதல் கப்பலை விட்டுவிட்டு டிசம்பர் நடுவில் வரும் சரக்கிலிருந்து, சனிக்கிழமைக் காலையில், பெரிய ஸ்டாண்டோடு கேட்பேன். அப்போதுதான் மரம் பச்சையாக இருக்கும் மூன்று வாரமும் பண்டிகையின் மூன்று வாரமும் ஒன்றாக அமையும். ஜனவரி 6-க்குப் பிறகு எடுத்துச் செல்வோம் என்று ரசீதிலேயே எழுதித் தர மறுத்தால், ஸ்டாண்டுக்கான காசில் ஒரு கைவாளை வாங்கிவைத்துக்கொள்வேன்.